மருமகள் மொட்டைக்கு மஞ்சள் தொப்பி

மலாக்காவின் ஆயர் குரோவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடம். பட்டப்பகல். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் தலையைச் சுற்றி நான் ஒரு நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். காவலுக்கு நிற்கும் ஜாகா. என்னைவிட மூத்த மலாய்க்காரர். ஒரு கையில் வாக்கி டாக்கி, இன்னொரு கை தட்டிய இடத்திலேயே நின்றது.

கண்ணாடியை இறக்கினேன்.

"புவாட் அப்பா, என்சிக்?" என்றார். என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதை வாயோடு நின்றுவிட்டது, கண் வரைக்கும் ஏறவில்லை.

"தலையை அளக்கிறேன்" என்று மலாயில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று எனக்கே தெரிந்தது.

"யார் பிள்ளை?"

"தங்கச்சி பிள்ளை."

"தங்கச்சி எங்கே?"

"உள்ளே. பால் மாவு வாங்கப் போயிருக்கிறாள். புருஷனும் கூடப் போயிருக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் மருமகள் யாழினி கண் விழித்தாள். பக்கத்தில் நான். தலையில் நூல். அவள் போட்ட அலறலைக் கேட்டிருந்தால் நீங்களும் வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோயிருப்பீர்கள்.

அவரும் கொண்டுபோனார்.

அதன் பிறகு என்ன ஆனது என்று சொல்லத்தான் போகிறேன். அதற்குள் இந்த ஆள் எதற்காக நூலோடு அலைந்தான் என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். படலாம். சந்தேகப்படுகிறவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். நானே அந்த ஜாதி.

டயரில் போட்ட கோடு

சந்தேகம் எங்கள் வீட்டில் பரம்பரை. சிலர் வீட்டில் சர்க்கரை வியாதி இருக்கும், அது மாதிரி.

அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டில் நாங்கள் இருந்தபோது, அப்பா சைக்கிளைப் பூட்டிய பிறகு பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. காலையில் இரண்டும் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். ஒருநாள் கோடு விலகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பிளாச்சான் என்கிற இறால் விழுது வாங்கக் கடைக்குப் போய்வந்தது தான்தான் என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகும் அவர் அந்த மனிதரோடு முழு மனதோடு பேசியதில்லை. 'இந்தத் தடவை அவன் எடுக்கல, சரி' என்பார். அந்த 'இந்தத் தடவை'தான் எங்கள் குடும்பம்.

எனக்கும் அப்படியே. கோப்பிக் கடைக்காரர் காரணமில்லாமல் சிரித்தால் சந்தேகம். லிஃப்ட் உடனே வந்தால் சந்தேகம். வீட்டுக்காரி சாந்தி "சும்மாதான் கேட்டேன்" என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் இந்த வித்தையில் என்னையே தோற்கடிக்க ஒருத்தி பிறப்பாள் என்று நான் நினைக்கவில்லை. சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்களே, யாழினி என்னை அப்படிப் பார்ப்பாள். மற்றவர்களுக்கு முத்திரை குத்தி அனுப்பிவிடுவாள். என்னை மட்டும் ஓரமாக நிறுத்திவைத்து அழுவாள்.

சட்டையை மாற்றிப் பார்த்தேன். குரலைக் குறைத்துப் பார்த்தேன். ஒருமுறை முயல் காது வைத்த பெரிய தொப்பி வாங்கிக்கொண்டு போனேன். கையால் தொட்டாள், முகர்ந்தாள், ஜன்னல் வழியாக எறிந்தாள். அத்தோடு நிற்கவில்லை, அது விழுந்ததா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

மடி யாருக்கு?

பிள்ளை பிறந்தபோதே என் தங்கை மாலா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். எங்கள் பழைய எஸ்டேட்டின் மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக. அதுவரை முடியில் கத்திரி படக்கூடாது. படவில்லை. ஒன்றரை வயதில் அந்தக் குழந்தைக்கு ரம்புத்தான் பழம் மாதிரி எல்லாப் பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் சுருட்டை முடி.

மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் நடக்கும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று. எனக்கும் சாந்திக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதும் இந்தத் தொடரில் எழுத மாட்டேன், சாந்தி படிக்கிறாள். மாலாவும் ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டாள். ஆக, சாமி சாட்சியாக, ஊர் பார்க்க, உரிமையோடு ஒரு குழந்தை என் மடியில் உட்காரப் போவது என் ஆயுசில் ஒரே ஒரு தடவை.

காதுகுத்துக்குச் சில வாரங்களுக்கு முன் செர்காமில் இருக்கும் மாலா வீட்டுக்குப் போயிருந்தோம். வேண்டுதலுக்காக வீடு முழுக்கச் சைவம். வெளியே கடற்கரைக் கடைகளில் மீன் வாட்டுகிறார்கள். சாயங்காலக் காற்று அந்தப் புகையை நேராகக் கூடத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. நாங்கள் ஆளுக்கொரு தட்டில் கீரையும் ரசமும் வைத்துக்கொண்டு, யார் மூக்கு அதிகம் விரிகிறது என்று ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தங்கை புருஷன் குமரன் ஆரம்பித்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க..."

அப்படி ஆரம்பிக்கும் எதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். தட்டைக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"பாப்பா உங்கள கண்டாலே அழுவுது. அன்னிக்கு ஆசாரி வந்து உக்காந்தப்புறம் துள்ளுச்சுன்னா கஷ்டம்லா. சுரேஷும் மாமன் முறைதானே? அவன்கிட்டனா பாப்பா நல்லா போவுது."

சுரேஷ் எங்கள் பெரியம்மா மகன். என்னைவிடப் பத்து வயது இளையவன். கன்னத்தில் குழி விழும். அவனைப் பார்த்தால் யாழினி சோபாவிலிருந்து அப்படியே தாவுவாள். கையில் சாக்லெட் மறைத்துவைத்துக் கொடுக்கிறான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். ஒருமுறை அவன் கைகழுவப் போனபோது நாற்காலியில் கிடந்த அவன் சட்டைப் பையைத் தடவியே பார்த்துவிட்டேன். ஒரு பேனா இருந்தது. பேனாவைக் காட்டி ஒரு குழந்தையை மயக்க முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மாலா நடுவில் வந்தாள். "அண்ணே, இங்க பாரு. அன்னிக்கு பாப்பா உன்கிட்ட வந்துச்சுன்னா உன் மடி. வரலைன்னா சுரேஷ். ஆசாரி ஊசிய வெக்கிறப்போ துள்ளுனா காது கிழிஞ்சுரும்லா. நீ கோவிச்சுக்கக் கூடாது."

"எனக்கு என்ன கோவம்?" என்றேன்.

"அப்ப ஏன் ரசத்த சோத்துல ஊத்தாம தண்ணி கிளாஸ்ல ஊத்துற?"

கை மட்டும் காட்டும் பெண்

திரும்பி அலோர் காஜா வரும் வழியில் சாந்திதான் பேச்சை எடுத்தாள். அவள் கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளைப் பற்றித் தெரியும்.

"புள்ள தொப்பியே போடாதுனு யாரு சொன்னா? நீங்க வாங்கினது அவ்வளவு கனம். உள்ள பஞ்சு வேற. இந்த வெயில்ல எனக்கே போட்டுவிட்டா நானும்தான் தூக்கி எறிவேன். பருத்தி நூல்ல ஓட்ட ஓட்டயா, லேசா ஒண்ணு இருந்தா போட்டுக்கும். மொட்ட அடிச்சா வெயில் படாம ஏதாச்சும் வேணும்தானே?"

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. மொட்டைத் தலைக்கு முதல் தொப்பி, மாமன் கையால் பின்னியது. சுரேஷால் முடியுமா? கன்னத்துக் குழியை வைத்துக்கொண்டு ஒரு சங்கிலித் தையல் போட முடியுமா?

என்னாலும் முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

வேலை முடிந்து மலாக்கா டவுனில் ஒரு நூல் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீன அம்மாள் குரோஷே ஊசியை எடுத்து வைத்துவிட்டு, "யாருக்கு?" என்றாள். "பெண்டாட்டிக்கு" என்றேன். "அவங்களையே வரச் சொல்லு, நூல் நிறம் அவங்க பாக்கணும்" என்றாள். "அவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். பாவம் என்று ஒரு இழை நூல் கூடுதலாக வைத்துக் கட்டினாள். நல்லா இருந்த சாந்தியை ஒரு நூல்கண்டுக்காக நோயாளி ஆக்கிவிட்டேன்.

நூலின் மேல் நூறு சதவீதம் பருத்தி என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் நம்பிவிடுவேனா? ஒரு துண்டைக் கத்தரித்து, சமையல்கட்டில் லைட்டரால் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் கலப்பு என்றால் உருகி உருண்டையாகும். சாம்பல்தான் உதிர்ந்தது. திருப்தியாக இருந்தது. நூல்கண்டின் இன்னொரு முனை வேறு மாதிரி இருந்தால்? அதையும் கொளுத்தினேன்.

"என்னங்க தீயுது?" என்றாள் சாந்தி கூடத்திலிருந்து.

"சும்மா."

எங்கள் வீட்டில் 'சும்மா' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று முன்பே சொன்னேன்.

பின்னக் கற்றுக்கொடுத்தது ஹென்போன். ஒரு மலாய்ப் பெண்ணின் வீடியோ. கை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. முகம் காட்டாத ஆளை எப்படி நம்புவது? ஆனாலும் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். முதலில் நாலைந்து சங்கிலி போட்டு வளையமாக இணைக்க வேண்டும். அதுதான் உச்சந்தலை. அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு வர, உச்சியிலிருந்து விளிம்புக்குத் தொப்பி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தையலைக் கூட்ட வேண்டும். கூட்டுவது குறைந்தால் குவிந்துகொள்ளும், கூடிப்போனால் ஓரம் அலை அலையாக நெளியும்.

என் முதல் தொப்பி கோப்பிக் கடையில் கோப்பித் தூள் வடிகட்டும் பை மாதிரி நீளமாக வந்தது. பிடி வைத்தால் விற்றிருக்கலாம். இரண்டாவது ஓரமெல்லாம் நெளிந்து, தண்ணீரில் போட்ட அப்பளம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கை இது. ஒரு டன் சாமானைக் கோடு தப்பாமல் ரேக்கில் வைத்துவிடும். ஒரு இழை நூலை ஒரு ஓட்டைக்குள் வைக்கத் தெரியவில்லை.

மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஹென்போனில் அந்தப் பெண் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ப்லான்-ப்லான்... தாரிக்... ஹா, பாகுஸ்..." மெதுவாக, இழுங்க, ஆங், அருமை என்று அர்த்தம்.

சாந்தி வாசலில் நின்றாள். கையில் துடைப்பம்.

"யாருங்க அது?"

"டீச்சர்."

"என்ன டீச்சர்? எங்க, முகத்த காட்டச் சொல்லுங்க."

"அவ முகம் காட்ட மாட்டா, சாந்தி."

வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே அதிகச் சேதம் செய்தது அதுதான். கடைசியில் மடியிலிருந்த மஞ்சள் நூலையும் ஊசியையும் தூக்கிக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள்.

"இது பாப்பாக்கா?"

"ம்."

"ஓட்டய இன்னும் பெருசா போடுங்க. காத்து வரணும்" என்றாள். அப்புறம், "அளவெடுத்தீங்களா?" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை.

அளவு

தூங்கும்போது தவிர யாழினியின் தலையை நெருங்க முடியாது. அதனால்தான் அந்தக் கார் நிறுத்துமிடம், அந்த நூல், அந்த ஜாகா.

வாக்கி டாக்கியில் அவர் பேசி முடிப்பதற்குள் மாலாவும் குமரனும் பால் மாவோடு வந்துவிட்டார்கள். இந்த ஆளைத் தெரியுமா என்று மாலாவிடம் கேட்டார். மாலா என்னைப் பார்த்தாள், குழந்தையின் தலையில் பாதி அவிழ்ந்து தொங்கிய நூலைப் பார்த்தாள். பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

"தெரியும். அண்ணன்தான்" என்றாள் கடைசியில். பிறகு என்னிடம், "அண்ணே, என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"கொசு."

"நூல்லயா கொசு அடிக்கிற?"

குமரன் காரில் ஏறினார். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே காரை எடுத்தார். சுரேஷின் பெயர் அவர் மனத்தில் இன்னும் ஒரு படி மேலே ஏறியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜாகா நாங்கள் தடுப்பைத் தாண்டும் வரை காருக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். நல்ல மனிதர். என் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியவர்.

ஆனால் நூலில் முடிச்சுப் போட்டுவிட்டேன். அளவு கிடைத்துவிட்டது. அதை வைத்துப் பின்னி முடித்தேன். குழந்தை வளரும் என்று ஒரு சுற்று, துவைத்தால் பருத்தி சுருங்குமோ என்ற சந்தேகத்தில் இன்னொரு சுற்று. உள்ளங்கையில் வைத்தால் கனமே இல்லை. வலைபோல விரல் நுழையும் ஓட்டைகள். ஊதினால் மறுபக்கம் காற்று வரும். நான் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தனத் தலை

எஸ்டேட்டில் இப்போது ரப்பரும் இல்லை, நாங்களும் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே கோயில் மட்டும் இருக்கிறது. செம்மண் பாதையில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. கூடாரத்துக்குள் காலையிலேயே காற்று கொதித்தது.

சுரேஷ் புது ஜிப்பா போட்டு வந்திருந்தான். மடியில் உட்கார வைக்கப் போகிறவன்தான் புதுசு போடுவான். "என்ன சுரேஷ், புதுசா?" என்றேன். "இல்லண்ணே, தீபாவளிக்கு எடுத்தது" என்றான். துணியைத் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி மொடமொடப்பு போகவில்லை.

யாழினியிடம் கையை நீட்டினேன். அவள் மாலாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

"மச்சான், முடி எடுக்கிறப்போ என்கிட்டயே இருக்கட்டும்" என்றார் குமரன். "காது குத்துறப்போ பாத்துக்கலாம்." சொல்லிவிட்டுச் சுரேஷைப் பார்த்தார். அவன் சட்டென்று ஜிப்பாவின் கையை மடக்கிவிட்டுக்கொண்டான்.

அப்பன் மடியில் அவள் அழ அழ, சுருள் சுருளாக முடி விழுந்தது. சுருள் விழ விழ, தலை சின்னதாகிக்கொண்டே போனது. முடி முழுதும் போனபின், குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். அந்தத் தலையைப் பார்த்ததும் பைக்குள் கையை விட்டுத் தொப்பியை விரித்துப் பார்த்தேன்.

இவ்வளவுதானா தலை?

மொட்டைக்காகத் தொப்பி பின்னியவன், முடியோடு அளவெடுத்திருக்கிறேன். முகம் காட்டாத டீச்சரைச் சந்தேகப்பட்டேன், நூலைக் கொளுத்திப் பார்த்தேன், சுரேஷின் பேனா வரைக்கும் சந்தேகப்பட்டேன். கண்ணெதிரே ரம்புத்தான் மாதிரி நின்ற முடியை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

தொப்பியைப் பைக்குள்ளேயே அழுத்திவிடலாம் என்று பார்த்தேன். சாந்திக்கு என்ன தெரியும்? அவள் ஆசையாக அதை எடுத்து, "மாமா கையால பின்னினது" என்று நாலு பேருக்குக் காட்டிவிட்டுக் குழந்தையின் தலையில் வைத்துவிட்டாள்.

தொப்பி சந்தனத்தில் வழுக்கி, நெற்றியைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, தாடையில் போய் நின்றது.

கூடாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சுரேஷின் கன்னத்தில் இரண்டு குழியும் விழுந்தன. "மச்சான், இது தொப்பியா, முகமூடியா?" என்றார் குமரன்.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சிரிக்காதவள் ஒருத்திதான். அழவும் இல்லை. மஞ்சள் வலைக்குள் இரண்டு கண்கள் அங்குமிங்கும் உருண்டன. ஓட்டை வழியாக அவளுக்கு நாங்கள் எல்லோரும் தெரிந்தோம். தன்னை யாருக்கும் தெரியவில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மாலாவைப் பார்த்தாள், குமரனைப் பார்த்தாள், கடைசியாக அவள் பார்வை என்னிடம் வந்து நின்றது. பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல்முறையாக அவளுக்கு என்னை நிதானமாகச் சோதனை போட வசதி கிடைத்திருக்கிறது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

வலைக்குக் கீழிருந்து இரண்டு கைகள் நீண்டன.

ஓட்டை வழியே காது

என் மடியில் அவள் உட்கார்ந்ததும் கூடாரமே குரலைத் தாழ்த்திக்கொண்டது. ஆசாரி மட்டும் தன் வேலையில் குறியாக இருந்தார். தங்க வளையத்தின் கூர்முனையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காது எங்க தம்பி?"

"உள்ள இருக்குங்கய்யா."

"தொப்பிய கழட்டுங்க."

"கழட்டுனா புள்ள போயிரும்."

"கழட்டலைன்னா நல்ல நேரம் போயிரும்."

இரண்டும் உண்மை. மாலா விளிம்பை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். என் முகம் நேராகத் தெரிந்ததுமே உள்ளேயிருந்து ஒரு விம்மல். சட்டென்று இறக்கிவிட்டாள். ஆசாரி பெருமூச்சு விட்டார். பிறகு குனிந்து, தொப்பியின் ஒரு ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, மாங்கொட்டையைப் பிதுக்குவது போல் அந்தக் குட்டிக் காது மடலை வெளியே எடுத்தார்.

"புடிச்சுக்குங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். ஒரு காது, ஒரு அலறல். மறு காது, மறு அலறல். அவள் துள்ளவில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பற்றி, தொப்பியோடு முகத்தை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். எனக்குக் காதில் வலித்தது. என் காதில்.

"முடிஞ்சுது" என்று ஆசாரி வளையத்தை முறுக்கி மூடினார். கும்மி மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். மாலா தொப்பியைக் கழற்றப் போனாள். வரவில்லை.

காது போன ஓட்டை சின்னது, காதில் தொங்கும் வளையம் பெரிது. தொப்பியைத் தூக்கினால் பச்சைப் புண்ணில் காது இழுபடும். இந்தப் பக்கமும் அப்படி, அந்தப் பக்கமும் அப்படி. என் மருமகளைத் தொப்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டோம்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். இருவருக்கும் அடுத்தவர் மேல்தான் சந்தேகம்.

குமரன் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்தான் சவரக்கத்தியைப் பார்த்தவள். பளபளவென்று இன்னொன்று வருவதைப் பார்த்ததும் செம்பனைத் தோட்டம் அதிர அலறினாள்.

"அத தூரப் போடுங்க மாப்பிள்ளை" என்றேன். "கத்திரி வேணாம். இது அவுந்துரும்."

அந்தப் பெண் முகம் காட்டாவிட்டாலும் உண்மை பேசியிருந்தாள். குரோஷே பின்னலில் கடைசி முடிச்சை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும். வந்த வழியே திரும்பிப் போய்விடும். தாடைக்கீழ் விளிம்பில் முடிச்சைத் தேடி, நகத்தால் நெம்பினேன். ஆசாரி இரண்டு காதையும் அசையாமல் பிடித்துக்கொண்டார். இழுத்தேன். சர்ரென்று ஒரு தையல் அவிழ்ந்தது. இன்னொன்று. இன்னொன்று.

அழுகை நின்றது. ஓட்டை வழியே அவள் அதைப் பார்த்தாள். கையை நீட்டி நூலைப் பிடித்தாள். அவளே இழுத்தாள். சர்ர்ர். அதிர்ந்துபோய் நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் சிரிப்பை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து, தாடை தெரிந்தது, வாய் தெரிந்தது, காது ஓட்டைகள் கலைந்து வளையங்கள் விடுபட்டன. மீதித் தொப்பி நெற்றிக்கு மேலே நின்றது.

"ஐயோ, போதும், நிறுத்துங்க!" என்றாள் சாந்தி. "இப்பதான் அளவா நிக்குது. அப்படியே முடிச்சு போட்டுருங்க. ஆசையா பின்னுனீங்க."

நிறுத்தினேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. யாழினி நூலைப் பார்த்தாள். அது வரவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைத் தேடினாள். என் மடியிலிருந்து ஒரு கால் கீழே இறங்கியது.

நான் நூலை இழுத்தேன்.

இறங்கிய கால் மேலே வந்தது. சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்து விழும் நூலைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சோறு தயார் என்று கூப்பிட்டார்கள், கூட்டம் கலைந்து போனது. சுரேஷும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தான். நூல் தீரப்போகிறது என்று தெரிந்ததும் நான் மெதுவாக, ரொம்ப மெதுவாக விட்டேன். இவள் எனக்காக உட்கார்ந்திருக்கிறாளா, நூலுக்காகவா? அந்தச் சந்தேகம் வராமல் இருக்க நான் என்ன சாமியாரா?

உச்சி வளையமும் அவிழ்ந்தது. சந்தனம் காய்ந்த வெறும் மொட்டைத் தலை என் முகத்துக்கு நேரே. நடுவில் வலை இல்லை, நூல் இல்லை. நேருக்கு நேர்.

அலறலுக்குத் தயாரானேன். அவள் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக மெதுவாகச் சரிபார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் என் மீசையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அதுவும் சர்ரென்று அவிழ்ந்து வரும் என்று நினைத்திருக்க வேண்டும். வரவில்லை. இடம் மாற்றிப் பிடித்து இன்னும் பலமாக இழுத்தாள்.

"மச்சான், வலிக்குதா? புடிச்சுக்கட்டுமா பாப்பாவ?" என்றார் குமரன் பந்தியிலிருந்து.

"வேணாம் மாப்பிள்ளை. நீங்க சாப்பிடுங்க. அவ இழுக்கட்டும்."

மீசையை இழுத்தால் எந்த மனிதனுக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அன்றைக்கு எனக்கு வந்ததும் அதனால்தான். இதைச் சாந்தியிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் நம்புவதாக இல்லை.